வானம் பார்த்த ரீவிப் பெட்டி

நானா ஒரு பொய் சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது. அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. பருப்பில் வண்டு இருந்தால் "வண்டு கிடக்குது, புடைச்சு எடுங்கோ" என்று சொல்லியே விற்பவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் தொலைபேசிக் கடையிலிருந்து நேரே என்னிடம் வந்து, கதிரையில் தொப்பென்று இருந்து, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"தம்பி, காசு போட்டு கேம் விளையாடுற பெட்டி ஒண்டு செய்யேலுமே?"

நான் ஒரு றேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் என்னால் எதையும் செய்ய முடியும் என்று நினைப்பதும், அப்படி நினைக்காதவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதும் வழக்கம். "எப்ப வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

முல்லைத்தீவுக்குக் கொஞ்சம் உள்ளே, பஸ் திரும்புகிற சந்தியில் எங்கள் இரண்டு கடைகளும் ஒட்டியிருந்தன. நான் அக்கராயன் என்கிற வயல் ஊர்க்காரன். வயலுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சண்டையால் பற்றரி கிடைக்காத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்கவைத்துப் பழகிய கை இது. சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் லொறி லொறியாக மின்சாமான் வரத் தொடங்க, பழுதாகிறவற்றை நம்பி ஒரு கடை போட்டேன். பக்கத்துப் பலசரக்குக் கடை நானாவுடையது; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தொண்ணூறில் அவருடைய ஆட்கள், முஸ்லிம்கள் எல்லோரும், ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது அவருக்கு ஒரே மகள், கைக்குழந்தை. பாதை திறந்ததும் புத்தளத்திலிருந்து தனியே திரும்பி வந்து, கூரையில்லாமல் நின்ற தன் வாப்பாவின் கடைக்குக் கூரை போட்டு, பின்னால் இருந்த வீட்டையும் ஒருவாறு நிமிர்த்தி, மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மகள் தொலைபேசியில் கேட்பாள்: "உங்கட ஊரில என்ன இருக்கு வாப்பா?" மனைவி சொல்லுவார்: "பாப்பம்."

அந்தப் 'பாப்ப'த்தில்தான் நானா ஒன்றரை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு தவணை குறித்தாகிவிட்டது. ஓகஸ்ட் விடுமுறைக்கு இருவரும் வந்து தங்கிப் பார்ப்பார்கள். மனம் பிடித்தால் அடுத்த வருடம் குடிவருவார்கள். பிடிக்காவிட்டால் காணியை விற்றுவிட்டு நானா புத்தளத்துக்கே போய்விட வேண்டும். அன்று மகள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள், தங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு விளையாட்டுப் பெட்டி வந்திருக்கிறதாம், பொத்தானை அமத்தினால் மனிதர்கள் பாய்ந்து பாய்ந்து அடிபடுவார்களாம், உங்கள் ஊரில் அது இருக்கிறதா? நானா வாய்தவறி "இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"அந்தப் பெட்டியை நீங்கள் கண்டிருக்கிறியளே?" என்று கேட்டேன்.

"கண்டன். ஆனா முன்னால பெடியள் மொய்ச்சுக்கொண்டு நிண்டவங்கள். முதுகுதான் தெரிஞ்சது."

"அப்ப மகளிட்டக் கேளுங்கோவன், பொத்தான் எந்தப் பக்கம் எண்டு."

"எப்பிடிக் கேக்கிறது? இஞ்ச இருக்கு எண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

ஆக, நாங்கள் இருவரும் ஒருநாளும் பார்த்திராத ஒரு பலகைக்கு அளவு எடுக்கத் தொடங்கினோம். வவுனியாவிலிருந்து வந்த லொறியில் ஒரு ரீவி விளையாட்டுச் செற் எடுத்தோம். ஒரு சிறிய பெட்டி, இரண்டு கைப்பிடி றிமோட், ஆயிரக்கணக்கான விளையாட்டு இருப்பதாக மட்டையில் பீற்றிக்கொண்ட ஒரு கசெற். ரீவி என்னிடம் ஒன்று இருந்தது, பதினான்கு அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி, சொந்தக்காரர் திரும்பி வராதது. மின்சாரத்துக்கு என் ஜெனறேற்றர். மரம் நானாவுடையது, பழைய அலுமாரி ஒன்றின் கதவு.

அந்தக் கதவை இரண்டு பெட்டிகளின் மேல் கிடத்தி, நான் சோக்கட்டியோடு நின்றேன். விளையாடுகிறவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. எனக்கும் நானாவுக்கும் அதில் ஒரு கருத்து வேறுபாடும் வரவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் ஆச்சரியம், வேறு எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்தோம். விளையாட்டு என்றால் எதிரெதிரே இருப்பது. காய் சுண்டுகிற கரம் அப்படி, தாயம் அப்படி, சீட்டு அப்படி. ஆளின் முகத்தைப் பார்க்காமல் அவரை வென்று என்ன பயன்? ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கருக்குள்ளும் இடம்பெயர்ந்த கொட்டிலிலும் நாங்கள் ஆடிய ஆட்டமெல்லாம் அப்படித்தான். ஆகவே ரீவியை மல்லாக்கக் கிடத்தி, மேலே கண்ணாடி போட்டு, அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று கோடு கீறினேன். வேறு மாதிரியும் இருக்கலாம் என்ற நினைப்பே இருவருக்கும் வரவில்லை.

உள்ளே ஓடுகிற ஆளுக்குத் திசை காட்டும் தடி எந்தக் கைக்கு? "முக்கியமான வேலை வலக்கைக்குத்தான்" என்றார் நானா. சாப்பிடுகிற கைதானே. அதற்கும் மறுபேச்சில்லை, தடி வலப்பக்கம், பொத்தான் இரண்டும் இடப்பக்கம். சண்டை வந்தது இடைவெளியில். தடிக்கும் பொத்தானுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடவேண்டும்? நானா தன் இரண்டு கைகளையும் பலகையில் வைத்தார். மூட்டை தூக்குகிற கை. சுற்றி வரைந்து பார்த்தால் இரண்டு சுளகு மாதிரி இருந்தது.

"இது உங்கட கை. பிள்ளையின்ர கை எவ்வளவு?"

நானா தன் கைவிரலால் காற்றில் ஒரு அளவு காட்டினார், பிறகு அதைச் சிறிதாக்கினார், பிறகு பெரிதாக்கினார். அவருக்குத் தெரியவில்லை. கடைசியாக மகளைப் பார்த்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. அந்த வயதில் பத்து மாதத்தில் ஒரு கை எவ்வளவு வளரும் என்று எந்தத் தகப்பனால் சொல்லமுடியும்? அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். நான் அவர் அழப்போய்விட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கடதாசியில் சுற்றிய கண்ணாடி வளையல்கள் இருந்தன. பெருநாளுக்கென்று வவுனியாவில் வாங்கி வைத்தவை. அளவு மனைவி தொலைபேசியில் சொன்னதாம்.

ஒரு வளையலைப் பலகையில் வைத்து உட்புறமாகப் பென்சிலால் கோடு கீறினேன். அதற்குள் நுழைகிற கை என்றால் உள்ளங்கை இவ்வளவு, விரல் இவ்வளவு எட்டும் என்று கணக்குப் போட்டோம். நானா பக்கத்தில் குந்தியிருந்து அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எளிதில் வியக்கிறவன் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிள்ளையின் கை அந்த அலுமாரிக் கதவில் வந்து இறங்கியதைப் பார்த்தபோது அதே கோட்டின் மேல் இன்னொருமுறை மெல்லக் கீறினேன். எதிர்ப்பக்கத்துக்கும் அதே அளவில் ஒன்று வரைந்தேன்.

தடியைச் செய்தது எனக்கு இன்றும் பெருமை. உள்ளங்கையளவு சதுர மரப்பெட்டி. உள்ளே நான்கு பக்கமும் ரோச் லைற்றிலிருந்து வெட்டிய பித்தளைத் தகடு. நடுவில் சைக்கிள் கம்பி, அதைச் சுற்றி ரியூப் றப்பர், மேலே பிடிக்க ஒரு மரக்குமிழ். எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தப் பக்கத் தகட்டில் முட்டும், விட்டால் நடுவுக்கு வரும். பொத்தானுக்குக் கோலிங் பெல் சுவிட்ச். றிமோட்டுகளைப் பிளந்து, அவற்றின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய வயர் இழுத்து ஈயம் வைத்தேன். இரண்டு தடியையும் ஒரே மாதிரிச் செய்து, இருக்கிறவருக்கு நேரே பார்த்தபடி, நான்கு திருகாணியில் பலகையின் அடியில் முடுக்கினேன்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் மாலை ஜெனறேற்றரை இழுத்தேன். ரீவி மல்லாக்கக் கிடந்து ஒருமுறை கனைத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. முகத்துக்கு முன்னால் வரும் வெளிச்சம்தான் நாங்கள் அறிந்தது. இது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கீழிருந்து மேலே வந்து, நானாவின் தாடியில் நீலமும் சிவப்புமாக ஏறியது. நான் தடியை வலப்பக்கம் சாய்த்தேன். உள்ளே ஒரு சின்ன ஆள் வலப்பக்கம் ஓடினான். என் பித்தளைத் தகடு, என் ரியூப் றப்பர், அவன் ஓடுகிறான்! அப்படி ஒரு வியப்பு அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

"தம்பி," எதிர்ப்பக்கமிருந்து நானா மெதுவாகச் சொன்னார், "இவர் தலைகீழா நிக்கிறார்."

நான் அவர் பக்கம் போய்ப் பார்த்தேன். நின்றான், தலைகீழாகத்தான். எழுத்து, மரம், வீடு, வானம் எல்லாம் தலைகீழ். கரம் பலகைக்கு மேலும் கீழும் இல்லை, ரீவிக்கு இருக்கிறது. இவ்வளவு நாளும் இந்த எளிய விஷயம் இரண்டு வளர்ந்த மனிதர்களின் மண்டையில் ஏறவில்லை.

"நான் தள்ளினா என்னட்டயே வருது," என்றார் நானா மேலும்.

"உங்களுக்குப் பழக்கமில்லை நானா. பழகப் பழகச் சரிவரும்," என்று வெடுக்கென்று சொல்லி ஜெனறேற்றரை நிற்பாட்டினேன்.

அடுத்த நாள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மகளுக்குப் பதின்மூன்று வயது, உயரமான பிள்ளை. நானாவின் மனைவி அதிகம் பேசாதவர். வந்ததும் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து, குசினியைப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, கப்பியை இழுத்துப் பார்த்தார். மகள் மேசையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"என்ன வாப்பா இது, சாப்பாட்டு மேசை மாதிரி? அது நிண்டுகொண்டு விளையாடுறது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிப்பினம். தடி இடக்கைக்கு. இது எல்லாம் மறுவளம்!"

சிரித்தாள். கெட்ட சிரிப்பில்லை, ஆனால் நானாவின் முகம் சுருங்கிவிட்டது. மாலையில் ஜெனறேற்றர் போட்டதும் அவள் நல்ல பக்கத்தில் இருந்து தனியே விளையாடினாள். சந்திப் பிள்ளைகள் மொய்த்தார்கள், எதிர்ப்பக்கம் இருக்க ஒருவரும் தயாரில்லை. இருந்தவர்களும் ஆட்டத்தில் ஒரு நிமிடத்தில் செத்துப்போய் எழுந்தார்கள். தனியே எவ்வளவு நேரம்தான் விளையாடுவது? மூன்றாம் நாள் அவள் மேசைப் பக்கம் வரவில்லை. தின்னக் கொடுத்தால் தின்றாள், தூங்கச் சொன்னால் தூங்கினாள், மற்ற நேரமெல்லாம் புத்தளத்துச் சிநேகிதிகளைப் பற்றியே கதை. நானா கடையில் நிறுவையைத் தப்பாக நிறுத்தத் தொடங்கினார். நான் என் மேல் வந்த எரிச்சலைக் கடைக்கு வந்தவர்கள் மேல் காட்டினேன்.

போகிறதற்கு முதல்நாள் மாலை வந்துவிட்டது. பொட்டலங்கள் கட்டி வாசலில் இருந்தன. மகள் கடைசியாக ஒருமுறை என்று மேசையில் இருந்து, கசெற்றில் அதுவரை திறக்காத பக்கங்களைத் தட்டிக்கொண்டு போனாள். ஒரு இடத்தில் நின்றாள். வானத்திலிருந்து பார்ப்பதுபோல ஒரு பந்து மைதானம். இந்த ஓரத்தில் ஒரு கோல், அந்த ஓரத்தில் ஒரு கோல், புள்ளி புள்ளியாக ஆட்கள்.

"உம்மா, இதுக்கு ரெண்டு பேர் வேணும். இருங்கோவன்."

நானாவின் மனைவி சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒருவரும் விரும்பாத அந்தப் பக்கத்தில் இருந்தார். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்னால் கோல் இருந்தது, அவருடைய கோல்தான். மைதானத்துக்குத் தலைகீழ் இல்லை. மேலேயிருந்து பார்த்தால் புல்லுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் ஒன்று, எங்கள் பிழையான மேசைக்கென்றே செய்ததுபோல ஒன்று.

ஆனால் அவருடைய ஆட்கள் மாறி ஓடினார்கள். அவர் முன்னே தள்ள, அவர்கள் பின்னே வந்தார்கள். அவர் முறையிடவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், பிறகு முன்னே போக வேண்டும் என்றால் தன் பக்கம் இழுத்தார். வலப்பக்கம் போக இடப்பக்கம் சாய்த்தார். எல்லாம் மறுவளமாக, எதிர்மாறாக இருக்கிற ஒன்றை மறுவளமாகவே பிடித்து ஓட்டினார்! தோற்றார்தான், ஆனால் கொஞ்சமாகத் தோற்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகுதான் என் மண்டையில் வெளிச்சம் விழுந்தது.

"அக்கா, ஒருக்கா நிப்பாட்டுங்கோ," என்று திருப்புளியோடு ஓடினேன். மேசைக்குக் கீழே படுத்து, அவர் பக்கத்துத் தடிப்பெட்டியின் நான்கு ஆணியையும் கழற்றி, பெட்டியை அரைவட்டம் திருப்பி, அதே துளைகளில் திரும்ப முடுக்கினேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. ஒரு வயரைக்கூடத் தொடவில்லை.

"இப்ப தள்ளிப் பாருங்கோ."

தள்ளினார். ஆள் அவரைவிட்டு முன்னே ஓடினான். அவர் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப சொல்வழி கேக்கினம்," என்றார். ஒரு அரைச் சுற்று. அவ்வளவுதான் குறை. உலகத்தில் இன்னும் எத்தனை விஷயம் ஒரு அரைச் சுற்றில் கிடக்கிறதோ என்று மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தபடி நினைத்தேன்.

பிறகு அவர் மகளை வென்றார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. மகள் கத்தினாள், கூக்குரலிட்டாள், சந்திப் பிள்ளைகள் வந்து சூழ்ந்தார்கள். சிரித்துக் களைத்த மகள் எழும்பி, "வாப்பா, நீங்கள் வந்து இருங்கோ. உம்மாவை என்னால ஏலாது," என்று நானாவை இழுத்து வந்து தன் இடத்தில் இருத்தினாள்.

நானாவுக்கு விளையாடத் தெரியாது. அவருடைய பெரிய விரல் இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமத்தியது. அதோடு அவர் பந்தையே பார்க்கவில்லை. கீழிருந்து வந்த பச்சை வெளிச்சத்தில் எதிரே இருந்த மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக நின்று விளையாடுகிற பெட்டி என்றால் அந்த முகத்தை அவர் கண்டிருக்க மாட்டார். மனைவி கோல் போட்டார். இன்னொன்று போட்டார். தலை நிமிர்த்தாமல், தடியை விடாமல் சொன்னார்:

"இஞ்சேருங்கோ, கிணத்தடிக்கு ஒரு மறைப்பு அடிக்கோணும். பிள்ளை வளந்திட்டாள்."

"காலமை வெளிக்கிடப் போறியள், இனி என்னத்துக்கு," என்றார் நானா. பிறகு, மறுத்துப் பேசிவிட்டோமோ என்று பயந்தவராக, "சரி, விடிய தென்னங்கிடுகு ரெண்டு கட்டிவிடுறன்," என்றார்.

"கிடுகு வேண்டாம். அது ஒரு மழைக்கு உக்கிப்போம்." அவர் பந்தை நடுவுக்குக் கொண்டுவந்தார். "தகரம் போடுங்கோ. கன வருசத்துக்கு நிக்கட்டும்."

எனக்கு விளங்கிவிட்டது. மகளுக்கும் விளங்கியது, அவள் சட்டென்று தாயின் தோளில் கை வைத்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாவுக்குத்தான் நேரம் எடுத்தது. அவர் கை தடியைவிட்டு விலகியது. பந்து ஒருவரும் தடுக்காமல் அவருடைய கோலுக்குள் போய் நின்றது.

"எத்தினை தகரம்?" என்று கேட்டார்.